திரும்பும்போது மட்டும் வந்த பெட்ரோல் வாசனை

ரெட்டியார்பாளையத்தில் என் ஒர்க் ஷாப் வாசலில் அந்த கார் வந்து நின்றதும், ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தார். அவர் பெயர் செல்வி. ஓட்டி வந்தவர் அவர் கணவர் குமரன். விழுப்புரம் பக்கத்திலிருந்து மாதாமாதம் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்கு வருகிறவர்கள்.

“இனிமே இந்த வண்டில ஏற மாட்டேன். பஸ்ல போறேன்” என்றார் செல்வி.

அந்த ரூட் பஸ் கூட்டத்தில் ஏழு மாத வயிற்றோடு நிற்க முடியுமா? எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஏனென்றால் போன மாதம் இதே புகாரோடு வந்த வண்டியைப் பார்த்து அனுப்பியவன் நான்தான்.

போன மாதம் அவர்கள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டியை விட்டுப் போனார்கள். ஃபியூயல் லைன், கிளிப், இன்ஜெக்டர் எல்லாம் பார்த்தேன். ஒரு சொட்டு கசிவு இல்லை, வாசனையும் இல்லை. பழையதாக இருந்த ஓஸ் ஒன்றை மாற்றினேன். குமரன், “அவளுக்கு இப்ப சாம்பார் வாசனையே ஆவல அண்ணே” என்று சிரித்தார். நானும், “மசக்கைல அப்படித்தான் சார் இருக்கும்” என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

இந்த முறை ஆஸ்பத்திரி முடிந்து ஊருக்குத் திரும்புகிற வழியில் வந்திருந்தார்கள். பானெட்டைத் திறந்ததும் எனக்கே பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. செல்வியை நிழலில் உட்காரவைத்து, “எப்பம்மா நாறுது?” என்றேன்.

“வர்றப்ப ஒண்ணும் இல்லண்ணா. இங்க பெட்ரோல் போட்டுட்டு, சாப்டுட்டுத் திரும்பறப்பதான். ஏசி போட்டா இன்னும் மோசம்.”

“இத போன மாசமே சொல்லக் கூடாதாம்மா?”

“நீங்க என்னை எங்க கேட்டீங்க? இவர்கிட்டயேதான பேசிட்டு இருந்தீங்க.”

குமரன் பக்கம் திரும்பினேன். “பங்க்ல மெஷின் தானா நின்னப்புறமும் போடச் சொல்வீங்களா சார்?”

“கழுத்து வரைக்கும் அண்ணே. வண்டிய ஆட்டி ஆட்டிப் போட்டா இன்னும் கொஞ்சம் புடிக்கும். எங்க ஊரை விட இங்க விலை கம்மியாச்சே.”

“ஆஸ்பத்திரிக்கு வர்றமா, பெட்ரோல் போட வர்றமான்னு எனக்கே சந்தேகம்” என்றார் செல்வி.

விஷயம் பிடிபட்டது. டாங்கில் எழும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் பிடித்துவைக்க, கரி நிரப்பிய டப்பா ஒன்று உண்டு. கேனிஸ்டர் என்போம். அதற்குள் ஆவி போகலாம், பெட்ரோல் போகக் கூடாது. டாங்கைக் கழுத்துவரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் விரிந்து, ஆவிக் குழாய் வழியாக அதில் இறங்கிவிடும். இந்த வண்டியில் அந்த டப்பா ஏசிக்குக் காற்று போகிற வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. ஊருக்குப் போய் ஒரு மாதம் ஓடுவதற்குள் அந்தப் பெட்ரோல் காய்ந்துவிடும். அதனால்தான் காலையில் வந்த வண்டியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து கழற்றினேன். டப்பா கனத்தது. சாய்த்ததும் பெட்ரோலாக ஒழுகியது. டவுனிலிருந்து புது கேனிஸ்டரும் அதற்கான ரப்பர் ஓஸும் வாங்கிவந்து மாட்டினேன். டாங்கிலிருந்தும் கொஞ்சம் பெட்ரோலை இறக்கினேன்.

பிறகு வண்டியை வெயிலிலேயே அரை மணி நேரம் நிறுத்திவைத்து, செல்வியைத்தான் கூப்பிட்டேன். “நீங்க மோந்து பாத்து சொல்லுங்கம்மா. நீங்க ஓகேன்னாதான் வண்டிய விடுவேன்.”

ஏறி உட்கார்ந்து ஏசியைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். குமரன் என் முகத்தைப் பார்த்தார்.

“ரப்பர் வாசனைதான் வருது.”

“அது புது ஓஸும்மா. ரெண்டு நாள்ல போயிடும்.”

“அப்ப வண்டிய எடுங்க” என்றார் கணவரிடம். “இனிமே மெஷின் நின்னா நீங்களும் நிக்கணும்.”

அதன் பிறகு வாசனை, சத்தம் என்று எந்த வண்டி வந்தாலும், ஓட்டுகிறவரை மட்டும் கேட்டுவிட்டு ஸ்பேனரை எடுப்பதில்லை. பக்கத்தில், பின்னால் உட்கார்ந்து வந்தவர்களையும் கேட்டுவிட்டுத்தான் பானெட்டைத் திறக்கிறேன்.