குதிரை நெஞ்சில் ஒட்டிய சிவப்பு

நான் குமாரபாளையத்து நெசவாளி. சில வருஷங்களுக்கு முன், நாமக்கல் பக்கம் ஓர் ஊரில் மாரியம்மன் நோன்பித் திருவிழாவுக்குக் குதிரைவண்டிப் பந்தயம் விட்டார்கள். அங்கே எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை என்று, ஜெயித்தது யார் எனத் தீர்ப்புச் சொல்ல என்னை எல்லைக்கோட்டில் நிறுத்தினார்கள்.

கண்ணை மட்டும் நம்பப் பயந்து, சிவப்புச் சாயத்தில் தோய்த்த ஈர நூலைக் கோட்டின் குறுக்கே கட்டினேன். முதலில் அறுக்கும் குதிரையின் நெஞ்சில் சாயம் ஒட்டிக்கொள்ளும் அல்லவா? தீர்ப்பு என் வேலை, மற்றவர்களுக்கு எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளைக் குதிரையும் செவலையும் சேர்ந்தே வந்தன. நூலை அறுத்தது வெள்ளை. அதையே சொன்னேன்.

"எதை வெச்சுங்க சொல்றீங்க?" என்று செவலையின் சொந்தக்காரர் பாய்ந்து வந்தார். நான் வாயெடுப்பதற்குள் வெள்ளைக் குதிரையை ஓட்டியவர் அலறினார்:

"அய்யோ, நெஞ்செல்லாம் ரத்தமுங்க! நூல்ல கண்ணாடிப் பொடி தடவியிருக்கறான்!"

ஜெயித்தவரும் தோற்றவரும் ஒன்றாகச் சேர்ந்து சாட்டையோடு என்னைச் சூழ்ந்தார்கள். தோள் துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் நனைத்து, குதிரையின் நெஞ்சைத் துடைத்தேன். சிவப்பு துண்டுக்கு வந்துவிட்டது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"சாயமுங்க" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

செவலைக்குரியவர் சாட்டையைத் தாழ்த்தினார். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க ஏனுங்க அடிக்க வாரோம்?"

இப்போது எந்த ஊரில் அழைத்தாலும், ஓட்டத்துக்கு முன்பே இரு தரப்பாரையும் கூப்பிட்டு, அவர்கள் கையாலேயே நூலைச் சாயத்தில் தோய்க்கச் சொல்கிறேன். ஓடி முடிந்ததும் நான் வாயே திறப்பதில்லை. குதிரையின் நெஞ்சைப் பார்த்து ஊரே சொல்லிவிடுகிறது.