சார்ஜ் ஏறும் கை

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் லேப்டாப்புக்குச் சார்ஜ் போடக்கூடக் கைராசி பார்த்தார்கள். நான் வேலை செய்யும் இடத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொன்னதில்லை. அங்கே என் வேலையே லேப்டாப்பின் சார்ஜ் போர்ட்டைச் சோதிப்பதுதான். ஒரு இயந்திரக் கை நாள் முழுக்கப் பின்னைச் செருகும், உருவும். போர்ட் எப்போது தளர்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கைக்கு ராசி கிடையாது. யார் ஸ்விட்சைப் போட்டாலும் ஒரே மாதிரிதான் செருகும்.

இப்போது வருகிறவற்றுக்கெல்லாம் ஒரே பின். போனுக்குப் போடுவதை லேப்டாப்புக்கும் போடலாம், தலைகீழாகச் செருகினாலும் போகும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு பின் வைத்திருந்தது. பார்வைக்கு எல்லாம் உருண்டைக் குழாய்தான். ஆனால் ஒன்று தடியாக இருக்கும், ஒன்று மெலிந்திருக்கும், ஒன்றின் நடுவில் ஊசி இருக்கும், இன்னொன்றில் வெறும் ஓட்டை. ஒரு வீட்டு சார்ஜர் அடுத்த வீட்டு லேப்டாப்பில் நுழையாது. இப்படி வடிவமைத்தவர்களைத் திட்டாதவர்கள் எங்கள் தொழிலில் இல்லை. நான் மட்டும் திட்டுவதில்லை. அந்தக் கோணல் இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் அக்கா படித்திருக்க மாட்டாள்.

எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து வல்லம் போகிற பக்கம், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அதுவும் கொஞ்சம் கத்தரியும்தான் எங்கள் நிலத்தில். ஊரில் எந்தக் காரியத்துக்கும் கை பார்ப்பார்கள். கோழி அடைவைக்க எங்கள் அம்மாவின் கை. அவள் வைத்தால் ஒரு முட்டைகூடக் கூழாகாது என்று தெருக்கோடியிலிருந்தெல்லாம் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். மல்லாட்டை விதைப்புக்குப் பெரியப்பாவின் கை. அவர் முதல் விதையைப் போட்ட பிறகுதான் மற்றவர்கள் கொல்லையில் கால் வைப்பார்கள். அவருடைய விதைக்கூடையை அவர் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. ராசி உள்ள பொருள் கை மாறினால் இரண்டு கைக்கும் ஆகாது என்பது அவருடைய சட்டம். அவருடைய சொந்தத் தம்பியான எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுபவர், அவர்கூட அந்தக் கூடையைத் தொட்டதில்லை.

பெரியப்பா வைத்ததுதான் எங்கள் வீட்டிலும் சட்டம். கெட்டவர் இல்லை. நைனாவை வளர்த்தவர், கல்யாணம் செய்துவைத்தவர், கிணறு வெட்டும்போது முன்னால் நின்றவர். அதனால் அவர் எதைச் சொன்னாலும் நைனா சொல்கிற பதில் ஒன்றுதான்: "சரிண்ணா." வெயிலில் நிற்கச் சொன்னாலும் சரிண்ணா, மாட்டை விற்கச் சொன்னாலும் சரிண்ணா. நைனாவின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு.

அக்கா செஞ்சியில் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். அரசாங்க லேப்டாப்பைப் பையோடு தோளில் மாட்டிக்கொண்டு அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியது, எங்கள் வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வந்து இறங்கியது போல இருந்தது. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்தோம். அம்மா சூடத்தை அதன் அருகே கொண்டுபோனபோது அக்கா பதறிப்போய்த் தடுத்தாள். அதன்பிறகு அவள் அதைக் கீழே வைக்கவில்லை. காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். தட்டச்சு, படம் வரைவது என்று தானாகவே எதையெதையோ கற்றுக்கொண்டாள். என்னைப் பக்கத்தில் உட்காரவிடுவாள், தொடவிடமாட்டாள்.

செஞ்சிக் கோட்டைப் பாறை சூடு கக்குகிற வைகாசியில் ஒருநாள் பெரியப்பா வந்தார். அவருடைய மகன், எங்கள் அண்ணன், இஞ்சினியரிங் சேரப்போகிறான். அவன் படித்தது பிரைவேட் பள்ளி என்பதால் அவனுக்கு லேப்டாப் கிடைக்கவில்லை.

"பாப்பாவோடத நம்ம பையன் எடுத்துனு போவட்டும்," என்றார். "அவளுக்கு இன்னாத்துக்கு அது? கம்ப்யூட்டரு படிப்பும் வேணாம். டெய்லரிங் கத்துக்கட்டும், நாளைக்கு உதவும்."

லேப்டாப்பும் போய், அதோடு சேர்ந்து படிப்பும் போய்விட்டது. இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அவர் வெற்றிலை போட்டுக்கொண்டார். நைனா துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"சரிண்ணா," என்றார்.

அடுத்த வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அக்கா அழவில்லை. "சரிங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அவளுக்கும் சேர்த்து நான்தான் அழுதேன். எனக்கு நைனாவின் மேல்தான் ஆத்திரம். என் மகளுடையதை ஏன் கொடுக்கவேண்டும் என்று கேட்க ஒரு வாய் இல்லையா இந்த மனுஷனுக்கு என்று இருந்தது.

அதற்கு அடுத்த நாட்களில்தான் லேப்டாப்புக்கு அந்த வியாதி வந்தது. யார் போட்டாலும் சார்ஜ் ஏறவில்லை. தான் வேறு வேலையாக இருப்பதாகச் சொல்லி அக்கா அம்மாவைப் போடச் சொன்னாள். அம்மா செருகினாள், விளக்கு எரியவில்லை. அதுவரை தொடவே விடாதவள் என்னையும் போடச் சொன்னாள். எரியவில்லை. அவள் வந்து பின்னைக் கையில் வாங்கி, ஒரு திருகு திருகிச் செருகியதும் ஆரஞ்சு விளக்கு பளிச்சென்று வந்தது.

"எனக்கு இன்னா தெரியும்," என்றாள் முகத்தில் ஒன்றும் காட்டாமல். "நான் போட்டா ஏறுது."

அம்மா அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். கோழி அடைவைக்கிற தன் கைதான் மகளுக்கு வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. நான் முழுசாக நம்பினேன். எனக்கும் ஏதாவது ஒரு பொருளில் ராசி இருக்கும் என்று மிக்ஸி, டார்ச் லைட், டிவி ரிமோட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் எல்லோருக்கும் வேலை செய்தன.

உண்மை எனக்குத் தெரிந்தது போன வருஷம்தான். பின் முழுசாக உள்ளே போகாமல் துளி வெளியே நின்றால் போதும், சார்ஜ் ஏறாது என்று என் வேலையைப் பற்றி அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அடக்கமுடியாமல் சிரித்தாள். நைனா கத்தரிக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரிலிருந்து ஒரு ரப்பர் வாஷரைக் கழற்றி, சார்ஜர் பின்னின் கழுத்தில் மாட்டிவைத்தது அவள்தான். பின்னும் கறுப்பு, வாஷரும் கறுப்பு. பின்னோடு பிறந்தது மாதிரி இருந்திருக்கிறது. மற்றவர்கள் கைக்குப் போகும்போது வாஷர் முன்னால் நிற்கும், பின்னைக் கடைசிவரை போகவிடாது. தான் போடும்போது கட்டைவிரலால் அதைப் பின்பக்கம் தள்ளிவிடுவாள், உருவும்போது முன்னால் இழுத்துவிடுவாள். அவள் திருகிய திருகு அதுதான். இதைச் சொன்னவள் நைனாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நல்ல நாள் வந்தது. அன்று காலையில் அக்கா என்னை லேப்டாப்பில் படம் பார்க்கவிட்டாள். ஒன்று முடிந்ததும் இன்னொன்றைப் போட்டாள். அவ்வளவு தாராளத்தை அவளிடம் நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பாதிப் படத்தில் சார்ஜ் தீர்ந்து திரை இருண்டுபோய்விட்டது. அந்த நேரத்துக்குப் பெரியப்பாவும் அண்ணனும் வந்து சேர்ந்தார்கள்.

செய்தி அவர்கள் காதுக்கும் போயிருந்தது. அண்ணன் தன் கூட்டாளியின் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தான். அதன் பின் தடியாக இருந்தது, போர்ட்டின் வாயிலேயே முட்டிக்கொண்டு நின்றது. போன் சார்ஜரை எடுத்துப் பார்த்தான், அது வேறு ஜாதி. கடைசியில் எங்கள் சார்ஜரையே எடுத்துச் செருகினான். விளக்கு வரவில்லை. ஊதினான், சட்டையில் துடைத்தான், திருப்பிச் செருகினான். வரவில்லை.

"கரண்ட்டு இருக்குதா பாரு," என்றார் பெரியப்பா. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவரே குனிந்து பின்னை வாங்கினார். ஊரே காத்திருந்து விதைப்புக்கு அழைக்கிற கை. கிழக்கே பார்த்து உட்கார்ந்து செருகினார். ஒன்றும் நடக்கவில்லை.

"நீ போடு பாப்பா."

அக்கா வந்து போட்டாள். விளக்கு எரிந்தது. எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் எரிந்தது. அவளே உருவி அண்ணனிடம் நீட்டினாள். பெரியப்பாவின் முகம் கோணியது. தன் கைக்கு வராத ஒன்று ஒரு பெண்பிள்ளையின் கைக்கு வருவதை அவரால் ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

அண்ணன்தான் தன் அப்பாவுக்கு வழி சொன்னான். "செஞ்சில பஸ் ஸ்டாண்டுகிட்ட கடை இருக்குது நைனா. சார்ஜரோட எடுத்துனு போயி காட்டினா இன்னா கோளாறுன்னு சொல்லிடுவான்."

அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று நான் நினைத்தேன், அப்படி வெளுத்துப்போயிருந்தாள். கடைக்காரன் பின்னைக் கையில் எடுத்த நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"அதுவும் சரிதான்," என்று பெரியப்பா எழுந்தார்.

அதுவரை வாசற்படியில் உட்கார்ந்திருந்த நைனா உள்ளே வந்தார். "குடு பாக்கலாம்" என்று அண்ணனிடமிருந்து சார்ஜரை வாங்கினார். பின்னைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரலால் அதன் கழுத்தைச் சுற்றி ஒரு தடவு தடவினார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். நைனா குந்தி உட்கார்ந்து பின்னைச் செருகினார். விளக்கு வரவில்லை.

"எனக்கும் ஏறலண்ணா," என்றார்.

"அதான் கடையில காட்டிடலாம்."

"சரிண்ணா, காட்டலாம்." நைனா சார்ஜரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "சார்ஜருல கோளாறுன்னா அவளுக்கும் ஏறக்கூடாதே. கைக்கு ஏறுறத கடைக்காரன் இன்னா பண்ணுவான்? உன் வெதக்கூடைய நான் எடுத்துனு போனா எனக்கு மொளைக்குமா?"

பெரியப்பா நின்றபடியே அவரைப் பார்த்தார். நைனா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவர் வழக்கம்போலப் பயந்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். பெரியப்பா உட்கார்ந்து சொம்பு காலியாகும்வரை நிதானமாகக் குடித்தார்.

"அவளே வெச்சிக்கட்டும்," என்றார் கடைசியில். "அந்தப் படிப்பையே படிக்கட்டும். ராசிய தடுத்தா நமக்கு ஆவாது." மகன் பக்கம் திரும்பி, "உனக்குப் புதுசா பாக்கலாம்," என்றார். அண்ணனுக்கு இதில் வருத்தமில்லை.

அவர்கள் தெருமுனை திரும்பினார்கள். நைனா சார்ஜரை அக்காவின் கையில் கொடுத்து, "உள்ள எடுத்துனு போயி வை" என்றார். அவ்வளவுதான். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அக்காவின் கைராசி அவளைக் காப்பாற்றியது, பெற்ற தகப்பனுக்கு அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளிடம் சொன்னேன். அவர்களும் நைனாவைப் பற்றி என்னைப்போலவே அபிப்பிராயம் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் மருந்தடிக்கப் போன நைனா, ஸ்பிரேயர் ஒழுகி முதுகெல்லாம் நனைந்து திரும்பி வந்தார். குளித்துவிட்டு யாரையும் எதுவும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு செஞ்சிக்குப் போனார். வரும்போது ஒரே அளவில் இரண்டு வாஷர் வாங்கி வந்தார். ஒன்றை மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து ஸ்பிரேயரில் போட்டார். இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து, அக்கா சார்ஜரைத் தொங்கவிடுகிற ஆணியில் மாட்டினார்.

"அது எதுக்கு நைனா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். ரப்பருதானே, தேஞ்சி போச்சுன்னா வேணுமில்ல."

ஸ்பிரேயர் கொட்டகையில் இருக்கிறது, அதன் வாஷரைக் கொண்டுவந்து வீட்டுக்குள் மாட்டுகிறாரே, நைனாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது என்று நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.