முட்டாத வீடு

பூதப்பாண்டியில் தன் மாமா வீடு கட்டப்போகும் வயலையே இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்து, என் மாணவன் கணினியில் அந்த வீட்டுக்கு மாதிரி செய்து கொண்டுவந்தான். எது எதோடு முட்டுகிறதென்று மென்பொருளே சிவப்பில் காட்டும். அவனுடையதில் ஒரு சிவப்பும் இல்லை. வயலின் குறுக்கே ஓடும் வாய்க்காலையும் காணோம்.

“வாய்க்கால எங்க மக்கா?”

“அஸ்திவாரத்துல முட்டிச்சு சார், டெலீட் பண்ணிட்டேன்.”

“அப்ப தண்ணி எங்க போகும்?”

“அது ஹைட்ராலிக்ஸ்லா சார்? அது போன செமஸ்டரே பாஸாயிட்டேன்.”

அந்தப் பாடத்தையும் நான்தான் நடத்தினேன்.

திருத்தி வரச் சொன்னேன், அவன் திருத்தவில்லை. பிழையே இல்லையென்று மெச்சி, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவனுக்கே முதல் மதிப்பெண் போட்டார். அவன் மாமாவும் அந்தப் படத்தை நம்பி வாய்க்காலை மண்ணிட்டு மூடி, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டார். தண்ணீர் போக வழியில்லாமல், அடுத்தவன் நாற்றின்மேல் ஏறி நிற்கிறது.