மெர்ரி யார், டிரங்க் யார்?

எனக்குத் துரோகம் செய்தவர் தம்பிராசா. பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்த்த கிளப்பின் செயலாளர். என்னைத் தலைமை பார்மேன் ஆக்குவதாக வாக்குக் கொடுத்தவர். பார் வேலையில் ஊற்றிக் கொடுப்பது சுலபம். குடித்தவரை என்ன பெயரிட்டு வீட்டுக்கு அனுப்புவது என்பதில்தான் தொல்லை. கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இது தெரியும்.

மெர்ரி

எழுபதுகளில், நான் சேர்ந்த புதிது. ஞாயிறு மதியம் ஒரு பெரிய டாக்டர் கால் சப்பாத்தைக் கழற்றிப் பூந்தொட்டியில் வைத்துவிட்டு, மாமரத்திடம் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், "சார், டாக்டர் டிரங்க்" என்றேன். தம்பிராசா தலையை நிமிர்த்தவில்லை.

"உதென்ன கதை? டாக்டர்மார் டிரங்க் ஆகமாட்டினம். அவர் மெர்ரி."

டிப்சி

எங்கள் கிளப்பில் ஒருவர் டிப்சி, அதாவது லேசான போதை, என்றால் டாக்சி பிடித்துக் கொடுப்போம். டிரங்க் என்றால் ஒரு மாதம் உள்ளே வரக்கூடாது. எது என்று முதலில் சொல்லவேண்டியவன் பார்மேன். ஒரு ரயில்வே கிளார்க் கச்சான் கடலை கொறித்துக்கொண்டே நாற்காலியிலிருந்து சரிந்தார். தூக்கப் போனால் என் காலைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, டிப்சின்னு சொல்லிருங்க லா. மாமனாரும் இங்கதான் மெம்பர்."

ஹை

ஒரு வாத்தியாரின் மனைவி சாயங்காலமானால் பாருக்குப் போன் போடுவார். கோபமாகப் பேசமாட்டார். மார்க்கெட்டில் மீன் விலை கேட்பதுபோல நிதானமாகக் கேட்பார்.

"ஹையா இருந்தா வீட்டுக்கு அனுப்புங்க அண்ணே. டிரங்கா இருந்தா கிள்ளான்ல அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிருங்க."

டிரங்க்

தலைமை பார்மேன் வேலை காலியானது. கமிட்டிக்காரர்கள் பகல் விருந்துக்கு வந்திருந்தார்கள். அன்றைக்கே தம்பிராசா அவர்களிடம் என் பெயரைச் சொல்வதாகப் பேச்சு. தரைக்கு மெழுகு போட்டதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. தட்டோடு வழுக்கி விழுந்தேன். சட்டை முழுக்க விஸ்கி. நான் வாழ்நாளில் குடித்தவனல்ல, அது தம்பிராசாவுக்கும் தெரியும். ஆனால் மெழுகு போடச் சொன்னது அவர். கமிட்டி திரும்பிப் பார்த்ததும், "இவன் டிரங்க்" என்றார்.

வேலை வேறொருவனுக்குப் போனது. பிறகு அவரைத் தனியாகப் பிடித்து, பொய்தான் சொன்னீர்கள், டிப்சி என்றாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"மெர்ரி, டிப்சி எல்லாம் மெம்பர்மாருக்கடா. வேலைக்காரனுக்கு ஒரு சொல்லுதான்."

தம்பிராசா இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் மகன் வீட்டில் இருக்கிறாராம். அந்தச் சொல்லை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை, ஒரு சொட்டும் குடிக்காமல் நான் டிரங்க்காகவே இருந்து வருகிறேன்.