மூங்கில்களுக்கு நடுவே ஒரு ஜோடிக் கால்

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் சாயங்காலம் நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஷிப்ட் முடிந்து இறங்கும் பெண் பிள்ளைகளில் எந்தெந்த ஊர்ப் பிள்ளைகளோ இருக்கிறார்கள். கடையில் கை காட்டிச் சாமான் வாங்குகிறார்கள், போனில் அவரவர் பாஷையில் சிரிக்கிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் பழகிவிட்டது. நான் மட்டும் பார்ப்பேன். அகன்ற கன்னமும் சத்தமில்லாத நடையுமாக ஒருத்தி போனால், அவள் தெரு திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பேன். நான் தேடுகிறவள் அவர்களுக்குள் இருக்க முடியாது. அவளுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

1991ஆம் வருஷத்தை எங்கள் பக்கத்தில் எல்லோரும் குண்டு வெடித்த அந்த மே மாதத்தை வைத்துத்தான் நினைப்பார்கள். நான் சொல்வது அதற்கு முன்னால், தையிலும் மாசியிலும் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருந்த ஒரு என்ஜினீயரிங் காலேஜில், பெண்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் அப்போது வேலை செய்தேன். காய் நறுக்குவேன், பரிமாறுவேன், பாத்திரம் கழுவுவேன். வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் கம்பெனி வேலை. பையன்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நடுவில் பேச்சு வராது. வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அஞ்சாவதோடு படிப்பு நின்றபோது கூட, வாத்தியார் கேள்வி கேட்க மாட்டார் என்று உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. மெஸ்ஸில் மற்ற பெண்கள் பேசிக்கொண்டேதான் வேலை செய்வார்கள். தலைமைச் சமையல்காரியை எல்லோரும் பெரியக்கா என்போம். அவர் என்னைச் சீண்டாத நாள் கிடையாது.

"ஏண்டி, வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிகினு கீற? ஒரு வார்த்த பேசேன். முத்தா கொட்டிடப் போவுது?"

நான் சிரித்துவிட்டு நறுக்குவதைத் தொடருவேன்.

முதல் வருஷப் படிப்புக்கு மிசோரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அரசாங்கமே சீட்டுக் கொடுத்து அனுப்பியதாகச் சொன்னார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சைனாப் பொண்ணு என்றுதான் பெரியக்கா முதலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சாம்பாரைத் தொடமாட்டாள். ரசத்தை ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வெறும் சோறும் வாழைப்பழமுமாகச் சாப்பிடுவதைப் பார்த்து, மிளகாயும் புளியும் சேர்க்கும் முன்னால் கொஞ்சம் கீரையை வேகவைத்து அவளுக்கென்று எடுத்து வைக்க ஆரம்பித்தேன். அவள் மறுநாளிலிருந்து, மத்தியானம் காலேஜ் இல்லாத நேரங்களில் மெஸ்ஸுக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அரிசியில் கல் பொறுக்குவேன். அவளும் பொறுக்குவாள். பேச்சு இல்லை. என் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை எனக்குத் தெரியாது. ஒருவர் பக்கத்தில் இத்தனை நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தும், என்ன நினைப்பார்களோ என்ற பயம் இல்லாமல் நான் இருந்தது அதற்கு முன்னால் நடந்ததில்லை. பேசாதவள் என்பது அவளிடம் ஒரு குறையாகவே தெரியவில்லை. எப்போதாவது வானத்தைக் காட்டி, "அக்கா, இன்னா?" என்பாள். மெஸ்ஸில் கற்றுக்கொண்ட தமிழ். மேகம் என்பேன். திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பாள்.

பொங்கல் லீவு முடிந்து திரும்பியபோது திருநெல்வேலிப் பெண் ஒருத்தி வந்து ஒரு சேதியைச் சொன்னாள். மிசோரப் பெண்ணின் அறைத்தோழி அவள். வாய் ஓயாதவள்.

"அக்கா, விஷயம் தெரியுமா? அவ போறாளாம். வருஷப் பரீட்சையோட ஊருக்குப் போயிட்டுத் திரும்ப வரமாட்டாளாம். இங்க யாருமே இல்லாத மாதிரி இருக்குன்னு அழுதா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

யாருமே இல்லாத மாதிரி. அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் அவள் சொன்னதும் நியாயம்தான். அரிசி பொறுக்குகிற ஒருத்தி அவளுக்கு எத்தனை பேருக்குச் சமம்? அந்தக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டைக்குப் போய் முருகனிடம், அந்தப் பொண்ணு இங்கேயே படிச்சு முடிக்கணும் என்று வேண்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் என்ன வேண்டினாய் என்று கேட்டார். பையன்களுக்குப் படிப்பு என்றேன்.

அந்த நேரத்தில்தான் காலேஜில் எல்லா மாநில விழா வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. யார் எந்த ஊரோ அந்த ஊர் ஆட்டம், பாட்டு, துணிமணி. மெஸ்ஸிலும் ஒவ்வொரு ஊர்ப் பண்டமும் செய்ய வேண்டும். பெங்காலிப் பெண் ஒருத்தி வந்து மீன் குழம்புக்குக் கடுகை அரைக்கச் சொன்னதும் பெரியக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"கடுவைத் தாளிப்பாங்க. இவ அரைக்கச் சொல்றா. எந்த ஊரு நாயம்டி இது?"

அந்த வாரம் ஒரு மத்தியானம், மிசோரப் பெண் தனக்குள் ஏதோ முணுமுணுத்தபடி இரண்டு கரண்டிக் காம்பைத் தரையில் தட்டினாள். இரண்டு முறை தரையில், மூன்றாவது முறை ஒன்றோடொன்று. உட்கார்ந்தபடியே அவள் கால் விரல்கள் அதற்கு ஏற்ப விலகிச் சேர்ந்தன. முகம் வேறு எங்கோ இருந்தது. அவளுக்குள் ஓர் ஆட்டம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதை இங்கே ஆடிவிட்டால், இந்த இடமும் அவளுக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றியது.

அன்று சாயங்காலம் நானாகப் போய்த் திருநெல்வேலிப் பெண்ணிடம் பேசினேன். எச்சிலை விழுங்கி விழுங்கித்தான் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்கு ஆட்டம் தெரியும். ஆட வையேன். போவமாட்டா."

அவள் என்னையே பார்த்தாள். "யக்கா, நீங்களா பேசுதிய!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

ஆட்டத்துக்கு நீள மூங்கில்கள் வேண்டும். இரண்டு மூங்கிலைக் குறுக்கே போட்டு, அவற்றின் மேல் ஜோடி ஜோடியாக மற்ற மூங்கில்களைப் பிடித்து, இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் உட்கார்ந்து தட்ட வேண்டும். விரியும்போது ஆடுகிறவள் கால் உள்ளே போகும், சேரும்போது வெளியே வந்துவிட வேண்டும். தப்பினால் கணுக்கால் போய்விடும். ஆடுவதற்குத் திருநெல்வேலிப் பெண்ணையும் சேர்த்து ஹாஸ்டல் பெண்கள் மூன்று பேர் அவளோடு சேர்ந்தார்கள். தரையில் உட்கார்ந்து தட்டத்தான் ஆளில்லை. எங்களைக் கேட்டார்கள்.

முதலில் வாட்ச்மேன் சவுக்குக் கம்புகளைக் கொண்டுவந்து போட்டார். தட்டிப் பார்த்ததும் அவள் தலையை ஆட்டிவிட்டாள். சத்தம் எழும்பவில்லை. அடுத்த நாள் அவர் ஏரிக்கரைப் புதரிலிருந்து பச்சை மூங்கிலாக வெட்டி வந்து மெஸ் சுவரில் சாத்தினார். பெரியக்கா வெளியே வந்து பார்த்தார்.

"யாரு வூட்ல எழவு?"

"ஆட்டத்துக்கு, பெரியக்கா" என்றாள் திருநெல்வேலிப் பெண்.

"ஆட்டமா? எங்க பக்கம் பச்சை மூங்கிலை வெட்டுனா ஒருத்தரு மேல படுத்துகினு போவாரு, நாலு பேரு கீழ நடப்பாங்க. அதான் நாங்க கண்ட ஆட்டம். கொண்டுபோய்க் கடாசுங்கடி. சோறாக்குற எடத்துல இதெல்லாம் ஆவாது."

மற்ற பெண்களும் பின்வாங்கினார்கள். என்ன சொல்கிறார் என்று மிசோரப் பெண் கேட்டாள். திருநெல்வேலிப் பெண் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொன்னாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பெரியக்காவைப் பார்த்தபடி, மெல்லிய குரலில் நீளமாக ஏதோ சொன்னாள்.

"பெரியக்கா, அவ சொல்லுதா… அவங்க ஊர்லயும் அந்தக் காலத்துல இதைச் சாவுக்குத்தான் ஆடுவாங்களாம். பிள்ளப்பேறுல செத்துப்போன பொம்பளைக்கு. அவ போற வழியில கஷ்டப்படக் கூடாதுன்னு. இப்பதான் நல்ல நாளுக்கெல்லாம் ஆடுதாங்களாம்."

பெரியக்காவின் மகள் தலைப்பிரசவத்தில் போனவள். அது திருநெல்வேலிப் பெண்ணுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. பெரியக்கா உள்ளே போனார். அடுப்பில் இருந்ததை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த மூங்கிலில் ஒன்றைக் கையில் எடுத்துத் தரையில் உட்கார்ந்தார்.

"எப்படித் தட்டணும், கேளு."

அதற்குப் பிறகு தினமும், பாத்திரம் கழுவி முடித்ததும் பயிற்சிதான். எங்கள் தாளம் முதலில் ஒருவருக்கு ஒருவர் சேரவே இல்லை. திருநெல்வேலிப் பெண் காலை எடுக்கத் தாமதித்து மாட்டிக்கொண்டாள்.

"ஏ யம்மா! காலு போச்சு!"

"பாத்து வெய்யிடி. மாப்ளை வூட்டுக்காரன் வந்து நடக்கச் சொன்னா இன்னா பண்ணுவ?"

"மாப்ளய நான் பாத்துக்கிடுதேன். ஒழுங்காத் தட்டுங்க பெரியக்கா!"

மிசோரப் பெண் என் எதிரே மண்டியிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துத் தட்டிக் காட்டுவாள். பிறகு விட்டுவிட்டுத் தலையசைப்பாள். அந்தத் தாளம் என் கையைவிட்டுப் போகவே இல்லை. வீட்டில் இட்லிக்கு ஆட்டும்போதும் வரும். "இன்னா, கச்சேரியா நடத்திகினு கீற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அந்த நாட்களில் அவள் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பாடினாள். இனிமேல் போகமாட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

விழா அன்று மைதானத்தில் பையன்கள், பெண்கள், வாத்தியார்கள் என்று அத்தனை கூட்டம். கேரளப் பெண்கள் விளக்கைச் சுற்றிக் கைகொட்டி ஆடினார்கள். பஞ்சாப் பையன் மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குதித்தான். கென்யாவிலிருந்து வந்து படித்த இரண்டு பையன்கள் பாடியதற்கு, ஒரு சொல் புரியாமலேயே பெரியக்கா தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. ஓடிப்போய்விடலாமா என்று பார்த்தேன்.

பெரியக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "எவன்டி உன்னைப் பாக்கப் போறான்? அவ காலைத்தான் பாப்பான். குனிஞ்சிகினு தட்டு."

குனிந்துகொண்டேன். மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். அவள் வெள்ளையில் கறுப்பும் சிவப்புமாகக் கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். வெறுங்கால். தட்ட ஆரம்பித்தோம். ஆட்டம் முழுக்க நான் பார்த்தது அந்தக் கால்களை மட்டும்தான். மூங்கில் விரிந்தால் உள்ளே, சேர்ந்தால் வெளியே, திரும்பி, மறுபடி உள்ளே. போகப் போக வேகத்தைக் கூட்டினோம். மற்ற மூன்று பேரும் தடுமாறி விலகிக்கொண்டார்கள். அவள் கால் மட்டும் விலகவில்லை. எங்கள் கையை நம்பி வைத்த கால். ஒரு தப்பு விழவில்லை.

நிறுத்தியபோது கைதட்டல் எழுந்தது. முதல் முறையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அவள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ரொம்ப தூரம் நடந்து வீட்டு வாசலை மிதித்தவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பிறகு கண்ணைத் திறந்தாள். மைதானத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். அந்த முகம் மெல்ல வடிந்துபோனதை நான் பார்த்தேன். எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது.

சில நாள் கழித்துத் திருநெல்வேலிப் பெண் வந்து அதையே சொன்னாள். இந்த முறை அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"ஆடும்போது வீட்ல இருந்தாளாம்க்கா. முடிஞ்சதும் மறுபடி இங்க வந்து நின்னது தாங்க முடியலையாம். இனி இருக்கவே முடியாதுன்னு சொல்லுதா. நாமளே அனுப்பி வைக்கோம் போல இருக்கே."

பரீட்சை முடிந்து சித்திரை வெயிலில் அவள் கிளம்பினாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு வரை பெரியக்காவும் நானும் போனோம். அங்கிருந்து மெட்ராஸ், பிறகு ரயில். போவாதே என்று ஒரு முறை சொல்லிவிடுவது என்று முந்தின நாளே தீர்மானித்திருந்தேன். பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொல்லியும் பார்த்துக்கொண்டேன். ஒரே வார்த்தைதானே, அவளுக்கும் புரிகிற வார்த்தை.

டிரங்குப் பெட்டியைக் கண்டக்டர் மேலே ஏற்றினார். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியக்கா என் முதுகில் இடித்தார்.

"சொல்லுடி. எதையோ சொல்லணும்னு வந்தியே."

அவள் காத்திருந்தாள். தொண்டை அடைக்கவில்லை. வார்த்தை நாக்கின் மேலேயே இருந்தது. ஆனால் அவளைப் பார்த்தபோது, கண்ணை மூடிக்கொண்டு நின்றாளே, அந்த முகம்தான் தெரிந்தது.

"நல்லபடியா போய்ச் சேரு" என்றேன்.

பஸ் கிளம்பிப் போனது. "வாடி, அரிசி ஊறிகினு கீது" என்று பெரியக்கா நடந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன்.

கூச்சத்தால் நான் சொல்லாமல் விட்டவை எத்தனையோ உண்டு. இதைக் கூச்சத்தால் விடவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் இருந்திருக்க மாட்டாள், அதுவும் தெரியும். ஆனாலும் சில நாட்களில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது, கேட்டாவது பார்த்திருக்கலாமே என்று இருக்கும்.