லோவெல் ஹாகன் சொன்ன ஒரே சொல்

ஆர்டிஸ் ஹாகன் மின்னசோட்டாவில் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பனி வழுக்கும் சாலையில், அறுபது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே பஸ்ஸைத் திருப்பிப் பழகிய கை. ஓய்வு பெற்றதும் அவளும் கணவர் லோவெலும் வீட்டை விற்று முப்பத்து நாலடி நீளத்தில் ஒரு வீட்டுவண்டி வாங்கினார்கள். வாங்கிய அன்றே பாகப்பிரிவினையும் ஆயிற்று. இன்ஜினும் ஸ்டியரிங்கும் சாலையும் அவளுக்கு. பின்னால் உள்ள குடித்தனம், அதாவது விளக்கு, ஹீட்டர், தண்ணீர்க் குழாய், பாட்டரி, கழிவுநீர் எல்லாம் அவருக்கு. ஒன்பது வருஷத்தில் ஒருவர் பாகத்தில் மற்றவர் கை வைத்ததில்லை.

நவம்பரில், குளிர்காலத்துக்காக ஒரு பாலைவன முகாமில் வண்டியை நிறுத்தியிருந்தபோது, லோவெலுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் நின்றது. புத்தி மட்டும் பழையபடி தெளிவாக இருந்தது. அதுதான் பெரிய கொடுமை. கண்ணுக்குப் பின்னால் ஒரு முழு மனிதர் உட்கார்ந்திருப்பது ஆர்டிஸுக்குத் தெரிந்தது. அவரை எட்டத்தான் வழியில்லை.

யூமா ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், அவர்கள் கிளம்பும்போது ஆர்டிஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். என்றைக்காவது ஒரு சொல் தானாக வரும். வந்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவர் என்ன சொல்ல வருகிறார் என்று புரிந்து பதில் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிப் பார்த்தும் யாருக்கும் புரியாமல் போனால் சிலர் பேச முயற்சிப்பதையே விட்டுவிடுவார்கள். ஆர்டிஸ் வழி முழுவதும் இதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

ஜனவரியில் அதே குவார்ட்ஸைட் பாலைவன முகாமுக்குத் திரும்பினார்கள். ஆம்புலன்ஸ் வந்த அன்று எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டியவர் பக்கத்து வண்டிக்காரர் முரே. ஆறு வாரம் வண்டி மூடியே கிடந்தது. ஆர்டிஸ் கதவைத் திறந்து, படியோரம் இருந்த பாட்டரி சுவிட்சை அழுத்தினாள். லோவெலின் கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து அதன் எழுத்தெல்லாம் அழிந்து போயிருந்தது. காலடியில் எங்கோ டக்கென்று ஒரு சத்தம் வந்தது. விளக்கு வரவில்லை.

ஹீட்டர் விசிறி சுற்றவில்லை. ஜெனரேட்டரை முடுக்கவும் அதே பாட்டரிதான் வேண்டும், அதுவும் வாயே திறக்கவில்லை. இன்ஜினுக்குத் தனி பாட்டரி. சாவியைத் திருப்பியதும் அது ஜம்மென்று கிளம்பியது. தன் பாகம் நன்றாக இருப்பதில் அவளுக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. பாலைவனத்தில் ஜனவரிக் குளிர் எலும்பில் இறங்கும். நோயாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாலு மணிக்கு முகாமில் மடக்கு நாற்காலிகள் வட்டமாகக் கூடும் நேரம். விஷயம் தெரிந்ததும் ஒரு கையில் பீரும் மறு கையில் மீட்டருமாக ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். பழுதான வண்டி என்றால் அந்த முகாமில் கல்யாண வீடு மாதிரி. ஒருவர் ஃபியூஸ் என்றார். ஒருவர் எர்த் வயர் என்றார். முரே பாட்டரியில் மீட்டரை வைத்தார். பன்னிரண்டு வோல்ட் சொச்சம் காட்டியது. காட்டியும் அவர் அசரவில்லை. ஆறு வாரம் சும்மா கிடந்த பாட்டரி நம்பரைக் காட்டுமே தவிர பாரம் தாங்காது, செத்தேவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்போதுதான் சக்கர நாற்காலியில் இருந்த லோவெலின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் இரண்டு தடவை திறந்து மூடியது.

"ஸ்டோர்," என்றார்.

ஆர்டிஸ் மண்ணில் மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார். ஆறு வாரத்துக்குப் பிறகு வந்த குரல். அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

"பாத்தீங்களா, ஸ்டோருக்குப் போய்ப் புது பாட்டரி வாங்கிட்டு வரச் சொல்றாரு," என்றார் முரே. "நான் சொன்னதையேதான் அவரும் சொல்றாரு. நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியும் பொண்டாட்டிய இன்னும் கடைக்குத்தான் அனுப்புறாரு, பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள், ஆர்டிஸும்தான். லோவெல் தலையை ஆட்டினார். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே மாதிரிதான் ஆட்டுவார்.

மறுநாள் முரேயின் டிரக்கில் போய் இரண்டு புது பாட்டரி வாங்கி வந்து மாட்டினார்கள். ஒன்றும் அசையவில்லை. "ஸ்டோர்," என்றார் லோவெல், இன்னும் பலமாக. வேறு ஏதோ கேட்கிறார் என்று நினைத்து ஆர்டிஸ் மறுபடி கடைக்குப் போனாள். அவருக்குப் பிடித்த பட்டர்ஸ்காட்ச் புட்டிங், சவரக் கிரீம், குறுக்கெழுத்துப் புத்தகம், கம்பளிக் காலுறை என்று அள்ளி வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி இதுவா, இதுவா என்று கேட்டாள். அவர் இடது கையால் நாற்காலிக் கைப்பிடியை அறைந்தார். புட்டிங் கீழே விழுந்தது. ஸ்டோர், ஸ்டோர், ஸ்டோர். முகம் செங்கல்லாகச் சிவந்தது. மறுநாள் காலை அவள் மூன்றாம் தடவையும் போய் வந்தாள்.

இரண்டு ராத்திரி குளிரில் விழித்த உடம்பு அது. பொறுமை விட்டுப்போனது.

"மூணு தடவ போயிட்டு வந்துட்டேன், லோவெல். அங்க இன்னும் என்னதான் இருக்கு? என்ன வேணும்னு சொன்னாத்தானே வாங்க முடியும்."

சொல்ல முடியாதவரிடம் சொல்லச் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. லோவெல் அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவே இல்லை.

மூன்றாம் நாள் மதியம், வண்டி இருக்கும் இடத்துக்கே வந்து பழுது பார்க்கும் ரோஸலியா ஆர்மென்டா யூமாவிலிருந்து வந்தாள். யாருடைய தீர்ப்பையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிக்குக் கீழே ஒரு மூடியைக் கழற்றினாள். உள்ளே கைப்பிடி அளவில், பாட்டரியின் மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் ஒரு ரிலே, இரண்டு பக்கமும் தடித்த கேபிள். ஒரு பக்கம் மீட்டரை வைத்தாள், பன்னிரண்டே முக்கால். மறு பக்கம் வைத்தாள், பூஜ்யம். ஆர்டிஸைச் சுவிட்சை அழுத்தச் சொன்னாள். டக்கென்ற சத்தம் வந்தது. பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

"பாட்டரி மேல தப்பே இல்லம்மா. இந்தச் சுவிட்சுக்கு ரெண்டே நிலைதான். வண்டியில குடியிருந்தா 'யூஸ்', பூட்டிட்டுப் போனா 'ஸ்டோர்'. நீங்க யூஸ்லதான் போட்டிருக்கீங்க. உள்ள இருக்கிறது ஸ்டோர்லயே மாட்டிக்கிச்சு."

ஆர்டிஸ் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷம், வண்டியைப் பூட்டி இறங்கும்போதெல்லாம், "ஸ்டோர்ல போட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டேதான் லோவெல் படி இறங்குவார். அது அவர் பாகத்துச் சமாச்சாரம். அவள் காதில் ஒரு நாளும் விழுந்ததில்லை.

ரோஸலியா இரண்டு கேபிளையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முறுக்கினாள். புது ரிலே வரும்வரை இது தாங்கும் என்றாள். பத்து நிமிஷ வேலை. ஹீட்டர் விசிறி உறுமிக்கொண்டு கிளம்பியது. முரே தன் நாற்காலியைச் சரிசெய்யப் போய்விட்டார்.

ஆர்டிஸ் உள்ளே ஓடினாள்.

"நீ சொன்ன. முதல் நாளே சொன்ன. எனக்குத்தான் புரியல. இன்னொரு தடவ சொல்லு, லோவெல். இப்ப எனக்குப் புரியும்."

அவர் அவளைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நல்ல கையால் அவள் கையை இரண்டு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, சூடு வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில், ஒரு சொல் வந்தது என்று ஆர்டிஸ் சொன்னதும் பயிற்சிப் பெண்ணுக்கு ஒரே மகிழ்ச்சி. எந்தச் சொல் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். ஆர்டிஸ் மீதியைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பெட்டியில் தேடி ஒரு பட அட்டையை எடுத்து லோவெலின் முன்னால் வைத்துவிட்டாள். கண்ணாடிக் கதவும் தள்ளுவண்டிகளுமாக, படத்தில் ஒரு மளிகைக் கடை.

"இது என்னன்னு சொல்லுங்க பாப்போம், லோவெல்."

லோவெல் படத்தைப் பார்த்தார். ஆர்டிஸைப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி அந்த அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.