நீல நூலில் தைத்த மூன்று பதக்கங்கள்

என் அக்காள் புருஷனுக்குத் தொழில் பல் கட்டுவது. டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அத்தான் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அதற்கு ஏற்ற பல்செட்டைச் செய்து கொடுப்பார். எது சொந்தப் பல், எது வந்து சேர்ந்த பல் என்று வாய்க்குச் சொந்தக்காரரே குழம்ப வேண்டும். அந்த மனிதருக்கு இருந்த ஒரே கர்வம் அதுதான். கடைசியில் அதுவே அவரைக் கவிழ்த்தது.

முன்னறையில் பல் என்றால் பின்னறை முழுக்க ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள். தெருநாயைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடும் ஆள், முப்பது வருடமாகத் தபாலில் வரவழைத்துச் சேர்த்தார். "எவனோ எவனையோ சுட்டதுக்குக் குடுத்த தகரம். இதைத் துடைக்க இவர் ஒருத்தர்" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அத்தானுக்குச் சண்டையும் தெரியாது, சுட்டவனும் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் வேலைப்பாடு. இரும்புச் சிலுவையை எடுத்துக் காட்டி, "நடுவுல இரும்பு, சுத்தி வெள்ளி விளிம்பு. பத்த வச்சு ஒட்டின இடம் தெரியுதா பாரு" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிகிறது என்று சொல்லிவிட்டுக் காப்பிக்குக் காத்திருப்பேன்.

அந்தப் பதக்கங்களில் பல, பட்டையாகத்தான் வரும். ஓர் ஆள் வாங்கிய பதக்கங்களை எல்லாம் நாடாவோடு வரிசையாக ஒரே பட்டையில் தைத்து மார்பில் குத்திக்கொள்வார்களாம். அத்தான் பிளேடால் தையலை அறுத்து, நாடாவைக் குப்பையில் போட்டுவிட்டு, பதக்கங்களை இனவாரியாகப் பிரித்துவிடுவார். இரும்புச் சிலுவைகள் ஒரு தட்டில், ஹாம்பர்க் நகரத்தார் கொடுத்த சிவப்பு எனாமல் சிலுவைகள் இன்னொரு தட்டில். பல்லையும் அப்படித்தான் வைத்திருந்தார், முன்பல் ஒரு டப்பா, கடைவாய் ஒரு டப்பா. எனாமல் எங்காவது சில்லு போயிருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஈறு செய்கிற பசையில் சிவப்புச் சாயம் கலந்து அடைத்துவிடுவார். "சொத்தையைச் சுரண்டாம அடைக்கக் கூடாது மச்சான், பிடிக்காது" என்று ஓரத்தை முதலில் வழவழவென்று தேய்த்துக்கொள்வார். அடைத்து முடித்தால் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. தெரியாததைக் காட்டிக் காட்டி மகிழ்ந்து போவார்.

போன வருடம் ஒரு கடிதம் வந்தது. ஹாம்பர்க்கிலிருந்து ஒரு கிழவி, எண்பத்தைந்தைத் தாண்டியவள். அவளுடைய அப்பா முதல் யுத்தத்துச் சிப்பாய். அவர் வாங்கியது மூன்று பதக்கங்கள்: ஓர் இரும்புச் சிலுவை, ஹாம்பர்க்கின் சிவப்புச் சிலுவை, பிறகு போர்முனைக்குப் போனவர்களுக்கென்று கொடுத்த ஒன்று. வீட்டில் கறுப்பு நூல் இல்லாததால் அம்மா நீல நூலில் தைத்தாளாம். இரண்டாவது யுத்தம் முடிந்து வந்த பஞ்சத்தில், ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்கு அந்தப் பட்டை கைமாறிவிட்டது. ஒரு வியாபாரியின் பழைய விலைப்பட்டியலில் அதன் படத்தைப் பார்த்து, அவரைப் பிடித்து, வாங்கியவர் விலாசம் வரைக்கும் கண்டுபிடித்திருக்கிறாள். அப்பாவின் பொருள் என்று வேறெதுவும் அவளிடம் இல்லை. ஒருமுறை கையில் வைத்துப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

நான் கப்பல் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதிப் பிழைப்பவன். அத்தானுக்கும் நான்தான் எழுதுவேன். கடிதத்தைப் படித்துச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நீல நூல்! நல்லா ஞாபகம் இருக்கு. அறுக்கவே முடியல. ரெண்டு பிளேடு போச்சு. நாம வாங்கினதை வித்ததே கிடையாதே, இங்கதான் இருக்கும். இருக்குன்னு எழுது. பார்த்துட்டுத் திருப்ப வேணாம், அவங்களே வச்சுக்கட்டும்."

கட்டாயம் அனுப்புகிறோம் என்று நானும் பிரமாதமாக எழுதிப் போட்டேன்.

பதில் பறந்து வந்தது. இரும்புச் சிலுவைகள் ஒன்று போலத்தான் இருக்கும், தேடிச் சிரமப்பட வேண்டாம், சிவப்புச் சிலுவை மட்டும் போதும் என்று எழுதியிருந்தாள். அடையாளம் சுலபமாம். சிலுவையின் கீழ்க்கையில் ஒரு சில்லு போயிருக்கும். ஐந்து வயதில் அவள்தான் படிக்கட்டில் போட்டு உடைத்தாள். அப்பா திட்டவில்லை. அவள் அழும்போதெல்லாம் மடியில் உட்காரவைத்து, அந்தப் பள்ளத்தில் அவள் விரல் நகத்தை வைத்து, "இது உன் கையெழுத்து" என்பாராம். பள்ளத்தின் ஓரத்தில் கூராக ஒரு முனை உண்டு. அது தன் நகத்துக்கு இன்னும் தெரியும் என்று எழுதியிருந்தாள்.

நான் படித்து முடித்ததும் அத்தான் எழுந்து பின்னறைக்குப் போனார். சிவப்புத் தட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். எட்டுச் சிலுவைகள். எட்டும் நேற்றுச் செய்தது போல் இருந்தன.

"எதுன்னு தெரியல மச்சான்" என்றார்.

"நீங்க அடைச்சதுதானே அத்தான்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியக் கூடாதுன்னுதானே அடைச்சேன்."

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "ஒண்ணை எடுத்து நீங்களே கீழ கொஞ்சம் உடைச்சு அனுப்புங்க. கண்ணு மங்கின கிழவி, சந்தோஷமாப் போய்ச் சேரட்டும்." அவள் சொன்னது சரி என்றுதான் எனக்குப் பட்டது. சொல்லியும் பார்த்தேன். கல்யாணமானதிலிருந்து குரல் உயர்த்தாத மனிதர், "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்று கத்தினார்.

இரண்டு நாள் பல் வேலை எதையும் தொடவில்லை. பல்லைக் குடைகிற மெஷினை எடுத்து, ஒவ்வொரு சிலுவையின் கீழ்க்கையையும் குடைந்து பார்த்தார். ஐந்தில் இருந்தது அசல் எனாமல். அந்த ஐந்தும் பாழாயின. அதைப் பற்றி அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, எனக்குத்தான் பயமாக இருந்தது. மூன்றில் பசை பெயர்ந்து வந்தது. மூன்றிலும் சின்னதாக ஒரு பள்ளம்.

அவர் சொல்லச் சொல்ல உள்ளது உள்ளபடி எழுதினேன். "பட்டையைப் பிரித்தது நான், நூலை எறிந்தது நான், இந்த மூன்றில் ஒன்று நிச்சயமாக உங்கள் அப்பாவுடையது, எது என்று உங்கள் நகம்தான் சொல்லவேண்டும்." மூன்றையும் பஞ்சில் சுற்றி அனுப்பினோம். பள்ளத்தின் ஓரங்களை எப்போதோ தேய்த்தது எங்கள் இருவருக்குமே அன்று நினைவுக்கு வரவில்லை. எனக்கு மறந்ததில் ஆச்சரியம் இல்லை. அவர் எப்படி மறந்தார் என்று இன்றுவரை புரியவில்லை.

ஏழு வாரம் கழித்துப் பொட்டலம் திரும்பி வந்தது. பஞ்சு அப்படியே இருந்தது. கூடவே சின்னதாக ஒரு கடிதம்.

"மூன்றிலும் நகத்தை வைத்துப் பார்த்தேன். எல்லாம் வழவழப்பாக இருக்கின்றன. அப்பாவுடையது இவற்றில் இல்லை. நீங்கள் எங்கோ தவறாக எண்ணிவிட்டீர்கள். பரவாயில்லை, தொடர்ந்து தேடுவேன். சிரமத்துக்கு நன்றி. நீங்கள் நல்லவர்."

நான் படித்துச் சொல்லி முடித்தேன். அத்தான் ஒரு சிலுவையை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"சுரண்டிட்டுத்தானே அடைச்சேன்" என்றார். "கையில வச்சிருந்திருக்காங்க மச்சான். சொந்த அப்பாவோடதைக் கையில வச்சுப் பார்த்துட்டு, இது இல்லைன்னு திருப்பி அனுப்பியிருக்காங்க."

"திரும்ப எழுதுவோம் அத்தான். நடந்ததைச் சொல்லிடலாம்."

"என்னன்னு எழுதுவே? உங்க நகத்தோட அடையாளத்தை நான்தான் தேய்ச்சு அழிச்சேன்னா? வேணாம். எங்கயோ முழுசா இருக்குன்னு நினைச்சுக்கிட்டாவது இருக்கட்டும்."

அவர் சொன்னது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. எண்பத்தைந்தைத் தாண்டிய ஒரு கிழவி, இல்லாத ஒன்றை இன்னும் பட்டியல் பட்டியலாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். இங்கே இவர் அதை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு பல் கட்டுகிறார். பின்னறையைத் திறப்பதே இல்லை. தட்டுகளில் தூசி ஏறிவிட்டது. திட்டுவதற்கு இப்போது விஷயம் இல்லாமல் அக்காவும் வாயடைத்துப் போனாள்.

நான் போகும்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து மூன்றையும் என்னிடம் நீட்டுகிறார். "நீ கொஞ்சம் பாரு மச்சான். எங்கயாவது தட்டுதா?" நானும் ஒவ்வொன்றாக நகத்தை வைத்துப் பார்க்கிறேன். வழுக்கிக்கொண்டு போகிறது.